குழாய் முனையிலா, மூலத்திலா? பேராக் மாநிலத்தின் கழிவுக் கேள்வியும் அதற்கு வந்த விடைகளும்

லூமுட்டில் டிண்டிங் ஆறு கடலைத் தொடும் இடத்துக்குக் கழிவு வந்து சேரப் பல வழிகள் உண்டு. உள்நாட்டுப் பக்கம் சித்தியவான், ஆயர் தாவார் வட்டாரத் தோட்டங்கள். ஒரு காலத்தில் பால்மரம், இன்று பெரும்பாலும் செம்பனை. முகத்துவாரத்தில் கடற்படைத் தளம், கப்பல் பழுதுபார்க்கும் துறை, சரக்குத் துறைமுகம். தெற்கே, கடலில் மண் கொட்டி உருவாக்கிய தீவில் சுல்தான் அஸ்லான் ஷா நிலக்கரி மின்நிலையம். எதிரே, நெத்திலிக்குப் பேர்போன பங்கோர். இந்த நீரைக் காக்க வேண்டுமானால் காவலை எங்கே நிறுத்துவது? ஆற்றிலா, ஆலையின் குழாய் முனையிலா, ஆலைக்குள் எந்தப் பொருள் நுழையலாம் என்று முடிவெடுக்கும் இடத்திலா?

பசுமை வேதியியல் மூன்றாவது இடத்தைச் சொல்கிறது. அந்த விடை சரியானதா, எவ்வளவு தூரம் செல்லும் என்பதைப் பேராக்கின் அனுபவத்தை வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கேள்வியின் வயது

பசுமை வேதியியல் என்ற பெயர் 1990களில் பரவியது. கேள்வி அதைவிட நூறாண்டுக்கு மேல் பழையது. பிரிட்டனில் லெப்ளாங்க் முறையில் சோடா காய்ச்சிய ஆலைகள் ஹைட்ரோகுளோரிக் அமில ஆவியைப் புகைபோக்கி வழியே விட்டு ஊரையும் வயலையும் கருக்கின. அந்த ஆவியில் 95 விழுக்காட்டைப் பிடித்தாக வேண்டும் என்று 1863இல் சட்டம் வந்தது. ஆலைகள் பிடித்தன, பிடித்த அமிலத்தின் பெரும்பகுதியை ஆற்றில் விட்டன. பிறகு அதே அமிலத்திலிருந்து குளோரின் எடுத்து வெளுப்புத்தூள் செய்யும் வழி பிறந்தது. கடைசியில், அந்த அமிலமே தோன்றாத சால்வே முறை லெப்ளாங்க் ஆலைகளை ஓரங்கட்டியது. கழிவை இடம் மாற்றுவது, கழிவைப் பண்டமாக்குவது, கழிவில்லாத செய்முறைக்கு மாறுவது என்று இன்று விவாதிக்கப்படும் மூன்று நிலைகளும் அந்த ஒரே தொழிலில் அடுத்தடுத்து நடந்துவிட்டன.

இருபதாம் நூற்றாண்டில் இச்சிந்தனை பல திசைகளிலிருந்து திரண்டது. 1975இல் 3எம் நிறுவனம் மாசுத் தடுப்பை இலாபக் கணக்காகவே முன்வைத்தது. பிளிக்ஸ்பரோ ஆலை வெடிப்பு நடந்தது 1974இல். அதன்பின் டிரெவர் கிளெட்ஸ், ஆபத்தான பொருளைக் கட்டிக் காப்பதைவிட அதை வைத்துக்கொள்ளாமல் இருப்பதே பாதுகாப்பு என்று வாதிட்டார். 1984இல் போபால் அந்த வாதத்துக்கு மிகக் கொடிய சான்றாக அமைந்தது. அங்கே கசிந்த மெத்தில் ஐசோசயனேட் விற்பனைக்கான சரக்கே அல்ல, பூச்சிமருந்து செய்யும் வழியில் தேக்கி வைத்திருந்த இடைப்பொருள். 1990இல் அமெரிக்கா மாசுத் தடுப்புச் சட்டம் இயற்றியது. 1991இல் பேரி டிராஸ்ட், உள்ளே போகும் அணுக்களில் எவ்வளவு பண்டமாகிறது என்று கணக்கிடும் அணுச் சிக்கனக் கருத்தைத் தந்தார். 1998இல் பால் அனஸ்டாஸும் ஜான் வார்னரும் பன்னிரண்டு கொள்கைகளை வகுத்தனர். கழிவை உண்டாக்கிவிட்டுச் சுத்தம் செய்வதைவிட உண்டாகாமல் தடுப்பதே மேல் என்பது அவற்றில் முதலாவது.

பாடநூல்கள் வழக்கமாகக் காட்டும் சான்று ஐபுபுரோஃபென் மாத்திரை. ஆறு படிகளில் செய்தபோது அணுச் சிக்கனம் சுமார் 40 விழுக்காடு. மூன்று படிகளாகக் குறைத்ததும் 77. நல்ல சான்றுதான். ஆனால் அது ஒரு மருந்தாலையின் சுவருக்குள் நடந்த வெற்றி. மூலப்பொருள் மரத்திலிருந்து வடியும் ஊரிலும், நஞ்சைத் தொழிலாளி முதுகில் சுமக்கும் ஊரிலும் இக்கொள்கை எப்படி நிற்கிறது என்பதற்கு அதில் விடை கிடையாது.

ஆறு தாங்கும் என்ற நம்பிக்கை

பேராக்கின் முதல் விடை நீர்த்துப்போகச் செய்வது. கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈய வயல்கள் மண்ணைக் கரைத்து ஆற்றில் விட்டன. ரப்பர் ஆலைகள் அமில நீரை ஓடையில் விட்டன. ஆறு பெரிது, கழிவு சிறிது என்ற கணக்கு ஓர் ஆலைக்குச் சரியாக வரலாம், நூறு ஆலைக்கு வராது. கொள்கை அளவில் இதை இன்று யாரும் ஆதரிப்பதில்லை என்பதால் இதில் நீண்ட விவாதத்துக்கு இடமில்லை. நடைமுறையில் அது சாகவில்லை என்பதற்கு ஜொகூர் சான்று. 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டு, ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டு, 111 பள்ளிகள் மூடப்பட்டன.

குழாய் முனையில் காவல்

இரண்டாவது விடை 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்திலிருந்து தொடங்குகிறது. அதன் கீழ் 1977இல் செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கும், மறு ஆண்டில் ரப்பர் ஆலைகளுக்கும் தனி விதிகள் வந்தன. செம்பனை விதிகள் உலக அளவில் பேசப்பட்டவை, அதற்குக் காரணமும் உண்டு. ஒரு டன் எண்ணெய் எடுத்தால் ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்றரை டன் கழிவுநீர் மிஞ்சும். பழுப்பு நிறத்தில், சூடாக, எண்ணெயும் சக்கையும் கலந்து வரும் அந்த நீரின் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் அளவில் இருக்கும். இதை விதிகள் ஒரே நாளில் அடக்க முயலவில்லை. 1978இல் 5,000, அடுத்த ஆண்டு 2,000, பிறகு 1,000, 500, 250 என இறங்கி 1984இல் 100. கூடவே, வெளியேற்றும் சுமைக்கு ஏற்பக் கட்டணமும் விதிக்கப்பட்டது. தேதிகள் முன்கூட்டியே தெரிந்திருந்ததால் ஆலைகள் குளம் வெட்டின, ஆய்வாளர்கள் முறைகளைத் தேடினர். எண்ணெய் உற்பத்தி ஏறிக்கொண்டிருந்தபோதே ஆற்றில் சேரும் சுமை இறங்கியது. குழாய் முனைக் காவல் பயனற்றது என்று பசுமை வேதியியலின் ஆர்வலர் சிலர் சொல்வதை இந்த அனுபவம் ஏற்கவில்லை.

பலவீனம் வேறிடத்தில் வெளிப்பட்டது. ஆலைகள் வெட்டிய குளங்களில் காற்றில்லாமல் நொதிக்கும் கழிவு மீத்தேனாகி வானில் கலந்தது. ஆற்றைக் காத்த முறை வெப்பமாதலுக்குப் பங்களித்தது. 2014 முதல் புதிய ஆலைகளும் விரிவாக்கம் கேட்கும் ஆலைகளும் மீத்தேனைப் பிடித்தாக வேண்டும் என்ற நிபந்தனை வந்தது. முதல் காவலின் விளைவைத் தடுக்க இரண்டாவது காவல். இவ்வளவுக்கும் கழிவுநீர் எங்கே பிறக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும்: பெரும்பகுதி எண்ணெயைத் தெளியவைக்கும் தொட்டியிலிருந்து, அடுத்தது குலைகளை ஆவியில் வேகவைக்கும் கலத்திலிருந்து. தெளியவைக்கையில் சேர்க்கும் நீரைக் குறைத்தால் கழிவே குறையும். ஆனால் விதி அளந்தது குழாயிலிருந்து வருவதை. எனவே முதலீடும் பெரும்பாலும் குழாய்க்குப் பின்னேயே நின்றது.

தொடக்கத்தில் சொன்ன, மஞ்சோங் வட்டாரத்தின் சுல்தான் அஸ்லான் ஷா மின்நிலையத்திலும் இதே கேள்விதான். நிலக்கரிப் புகையிலுள்ள கந்தக ஆக்சைடைக் கடல்நீரால் கழுவி, காற்றூட்டி, சல்பேட்டாகக் கடலுக்கே திருப்பும் முறை அங்கே உண்டு. கடலில் இயல்பாகவே சல்பேட் மிகுதி என்பதால் இதை வேதியியல் நியாயமாகக் கொள்ளலாம். 2015இல் ஓடத் தொடங்கிய 1,000 மெகாவாட் நான்காம் அலகு அதிமீயுயர் அழுத்தக் கொதிகலனைக் கொண்டது; அதே மின்சாரத்துக்குக் குறைந்த கரி. இது மூலத்தில் ஒரு படி. ஆனால் எரிபொருள் கரியாக இருக்கும்வரை கரியமில வாயு அந்த வேதிவினையின் விளைபொருளாகவே இருக்கும். எந்தக் கழுவலும் அதற்கு விடையாகாது.

பால் கொட்டகையிலிருந்து ஆலைவரை

மூலத்தில் தடுப்பது சொல்ல எளிது, செய்யச் சிக்கலானது. அதை ரப்பர்ப்பால் நன்றாகக் காட்டுகிறது. மங்கில் வடியும் பாலில் ரப்பர் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். தோட்டத்திலிருந்து ஆலைக்குப் போவதற்குள் அது கெட்டித்துவிடாமலும் நாறிவிடாமலும் இருக்க அம்மோனியா சேர்ப்பார்கள். கையுறைக்கான அடர்பால் வேண்டுமானால் சுழற்சிப் பொறியில் போட்டு 60 விழுக்காட்டு ரப்பருக்கு ஏற்றி, அம்மோனியாவைச் சுமார் 0.7 விழுக்காடாக நிறுத்துவார்கள். பிரிந்து நிற்கும் நீர்த்த பாலிலும் சிறிது ரப்பர் உண்டு. அதை உறையவைக்கக் கந்தக அமிலம் ஊற்றுவார்கள். அம்மோனியா முதலில் அமிலத்தைத் தின்னும்; எனவே அமிலம் கூடுதலாகத் தேவைப்படும். சல்பேட்டும் அம்மோனியமும் நிறைந்த அந்த நீர் குளத்தில் தேங்கும்போது, காற்றில்லா நுண்ணுயிர்கள் சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றும். ரப்பர் ஆலைக்கு அருகே குடியிருந்தவர்கள் அறிந்த அழுகல் நாற்றத்தில் இதற்குப் பெரிய பங்குண்டு.

குழாய் முனைக் காவலர் இங்கே குளத்துக்குக் காற்றூட்டச் சொல்வார். மூலத்தில் நின்று பார்ப்பவர் சங்கிலியைப் பின்னோக்கிப் பிடிப்பார்: நாற்றத்துக்குக் காரணம் சல்பேட், சல்பேட்டுக்குக் காரணம் அமிலம், அமிலம் கூடக் காரணம் அம்மோனியா. ஆகவே நீர்த்த பாலிலிருந்து அம்மோனியாவை முன்பே காற்றடித்து வெளியேற்றலாம், அல்லது தொடக்கத்திலேயே குறைவாகச் சேர்க்கலாம். இரண்டாவது வழி பெரிதாகக் கையாளப்பட்டது. அம்மோனியாவைச் சுமார் 0.2 விழுக்காடாகக் குறைத்து, துணைக்குச் சிறிதளவு துத்தநாக ஆக்சைடும் டி.எம்.டி.டி. என்னும் தயூரம் சேர்மமும் சேர்த்தார்கள். நாற்றமும் அமிலமும் குறைந்தன. ஆனால் அந்தத் தயூரம், ரப்பரைப் பதப்படுத்தும் சூட்டில் சிதைந்து, புற்றுநோய் ஐயத்துக்குரிய நைட்ரோசமீன்கள் உருவாக வழிவிட்டது. ஜெர்மனி 1980களில் ரப்பர்த் தொழிற்கூடங்களின் காற்றில் நைட்ரோசமீனுக்கு வரம்பு விதித்தது. அதன்பின் நைட்ரோசமீன் ஐயம் குறைந்த வேறு தயூரங்களைத் தேடும் வேலை தொடங்கியது.

பசுமை வேதியியலின் பன்னிரண்டு கொள்கைகள்மீது அறிஞர்கள் வைக்கும் முக்கியக் குறை இங்கே பளிச்சென்று தெரிகிறது. கொள்கைகள் ஒன்றோடொன்று மோதும்போது எது மேல் என்று அவை சொல்வதில்லை. ஆற்றோரக் குடியிருப்பின் மூச்சு ஒருபுறம், கையுறை ஆலைத் தொழிலாளியின் மூச்சு மறுபுறம். இதை நிறுக்கும் தராசு வேதியியலுக்குள் இல்லை.

கப்பலின் அடிப்பூச்சு

கடலோர லூமுட்டுக்கு நெருக்கமான சான்று கப்பல் அடிப்பூச்சு. சிப்பியும் பாசியும் ஒட்டினால் நீரில் இழுவை கூடி எரிபொருள் செலவு ஏறும். 1960களிலிருந்து டிரைபியூட்டைல் டின் கலந்த பூச்சுகள் அதை வெகு திறமையாகத் தடுத்தன. 1970களின் இறுதியில் பிரான்சின் ஆர்க்காஷோன் குடாவில் சிப்பி வளர்ப்பு சரிந்தது. கடல் நத்தைகளில் பெண்ணுக்கு ஆணுறுப்பு முளைத்தது. நீரில் லிட்டருக்கு ஒரு நானோகிராம் அளவே அதற்குப் போதுமாக இருந்தது. இவ்வளவு நுண்ணிய அளவில் எந்தச் சுத்திகரிப்பும் உதவாது. மேலும் கப்பலுக்குக் குழாய் முனை கிடையாது. அதன் அடிப்பாகம் முழுவதுமே வெளியேற்று வாய். எனவே பூச்சையே மாற்றுவதைத் தவிர வழியிருக்கவில்லை. 1982இல் பிரான்ஸ் சிறு படகுகளில் அப்பூச்சுக்குத் தடை விதித்தது. 2001இல் பன்னாட்டு உடன்படிக்கை உருவாகி 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது.

1996இல் அமெரிக்காவின் முதல் பசுமை வேதியியல் விருதுகளில் ஒன்று, கடல்நீரில் விரைவாகச் சிதையும் சீ-நைன் என்னும் மாற்றுப் பொருளுக்குக் கிடைத்தது. வடிவமைப்பாலேயே நஞ்சின் ஆயுளைக் குறைக்க முடியும் என்பதற்கு அது சான்று. இருப்பினும் தடைக்குப் பிந்திய பூச்சுகளில் பெரும்பாலானவை தாமிரத்தை நம்பியே நிற்கின்றன. தாமிரம் சிதையாது. கப்பல்கள் நெருக்கமாக நிற்கும் துறைமுகங்களின் சேற்றில் அது சேர்ந்துகொண்டே போகும். நஞ்சின்றி வழுக்கிவிடும் சிலிக்கோன் பூச்சுகள் உள்ளன. ஆனால் நெடுநாள் நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களுக்கு அவை குறைவாகவே உதவுகின்றன.

மருந்தடித்த பெண்கள்

ஆபத்தைக் குறைக்க இரண்டு வழிகள்: நஞ்சைக் குறைப்பது, அல்லது நஞ்சு மனிதர்மேல் படுவதைக் குறைப்பது. தொழில்துறை நெடுங்காலம் இரண்டாவதையே நம்பியது. முகக்கவசம், கையுறை, நீள்காலணி, எச்சரிக்கைப் பலகை. பசுமை வேதியியல் முதலாவதை வலியுறுத்துகிறது. இவ்விரு நிலைகளுக்கும் இடையிலான பிணக்கு மலேசியத் தோட்டங்களில் பாராகுவாட் களைக்கொல்லியில் முற்றியது.

1960களின் தொடக்கத்தில் பாராகுவாட் சந்தைக்கு வந்தபோது, அதற்கு முன் தோட்டங்கள் பயன்படுத்திய சோடியம் ஆர்சனைட்டோடு ஒப்பிட்டு அது முன்னேற்றமாகவே பார்க்கப்பட்டது. ஒரு நஞ்சுக்கு மாற்றாக இன்னொரு நஞ்சு. பாராகுவாட்டுக்கு முறிமருந்து இல்லை. ஒரு வாய் விழுங்கினாலே நுரையீரல் நாராகி உயிர் போகும். அதை முதுகில் தோம்பு கட்டி அடித்தவர்கள் பெரும்பாலும் பெண்கள், அவர்களில் பெரும்பகுதியினர் நம் தமிழ்ப் பெண்கள். பேராக் தோட்டங்களில் வளர்ந்த எவருக்கும் இது செய்தியல்ல. ஐரீன் பெர்னாண்டஸ் தலைமையிலான தெனாகானித்தா அமைப்பும், ஆசிய பசிபிக் பூச்சிக்கொல்லி நடவடிக்கை வலையமைப்பும் சேர்ந்து மருந்தடிப்பவர்களின் நிலையை ஆய்ந்து 2002இல் வெளியிட்டன. தோல் எரிச்சல், நகம் கழல்தல், மூக்கில் இரத்தம், கண் நோய். காலைப் பத்து மணிக்குமேல் செம்பனை அடியில் இருக்கும் புழுக்கத்தில் முழுக் கவச உடையோடு வேலை செய்ய மனித உடலால் முடியாது. கவசத்தை நம்பிய பாதுகாப்பு அந்த வெயிலிலேயே தோற்றுவிட்டது.

2002இல் மலேசியா பாராகுவாட்டைத் தடை செய்ய முடிவெடுத்தது. செலவு கூடும், களை கட்டுப்படாது என்று தொழில்துறை வாதிட்டது. 2006இல் தடை தளர்ந்தது. 2007இல் ஐரோப்பிய நீதிமன்றம் அங்கே பாராகுவாட்டுக்கு இருந்த அனுமதியை ரத்து செய்தது. இலங்கை 2008க்கும் 2011க்கும் இடையில் பாராகுவாட்டையும் வேறு இரு நஞ்சுகளையும் விலக்கியது. பூச்சிமருந்து குடித்து இறப்போர் குறைந்தனர், விளைச்சல் சரிந்ததாகத் தெரியவில்லை. மலேசியாவில் முழுத் தடை 2020 ஜனவரி 1இல்தான் வந்தது. முதல் முடிவுக்கும் இறுதித் தடைக்கும் இடையில் 17 ஆண்டுகளுக்கு மேல். செம்பனைக் கழிவுநீருக்குத் தேதி குறித்து ஆறே ஆண்டுகளில் சாதித்த அதே நாடு, மருந்தடித்த பெண்ணுக்கு இவ்வளவு காலம் எடுத்துக்கொண்டது. இந்த வேறுபாட்டை வேதியியலால் விளக்க முடியாது என்றே தோன்றுகிறது.

மாற்று என்ன என்பதில் இன்னும் தெளிவில்லை. கிளைஃபோசேட்டை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று வகைப்படுத்தியது. வேறு பல ஒழுங்குமுறை அமைப்புகள் அதை ஏற்கவில்லை. குளூஃபோசினேட் இனப்பெருக்கத்துக்கு நஞ்சு என்று ஐரோப்பாவில் வகைப்படுத்தப்பட்டு, அங்கே அதன் அனுமதி 2018இல் முடிந்தது. களையே தலைதூக்காதபடி பயறுவகை மூடுகொடிகளைப் படரவிடுவதும், மரவரிசைகளுக்கிடையே மாடு மேய்ப்பதும் பழகிய வழிகள். மூலத்தில் தடுப்பது என்ற சொல்லுக்கு மூலக்கூறு மாற்றத்தைவிட இவையே நெருக்கமானவை. ஆனால் விற்பதற்கு இவற்றில் பொட்டலம் ஏதுமில்லை என்பதால், இவற்றுக்காகப் பேச விற்பனை முகவர்களும் இல்லை.

தனிமத்தின் முன்னே

ஈப்போவை அடுத்த புக்கிட் மேராவில் 1982இல் ஏசியன் ரேர் எர்த் ஆலை ஓடத் தொடங்கியது. ஜப்பானின் மிட்சுபிஷி கெமிக்கல் அதில் பெரும் பங்குதாரர்களில் ஒன்று. ஈயம் அலசி எஞ்சிய அமாங்கிலிருந்து கிடைத்த மோனசைட் அதன் மூலப்பொருள்.  அருமண் தனிமங்களை எடுத்த பின் கதிரியக்கத் தோரியம் கழிவாக நின்றது. 1984இல் பாப்பான் மக்கள் தங்கள் ஊரில் அதைப் புதைக்க விடவில்லை. 1985இல் புக்கிட் மேரா மக்கள் வழக்குத் தொடுத்தனர். 1992 ஜூலை 11இல் ஈப்போ உயர் நீதிமன்றம் ஆலையை மூட ஆணையிட்டது. 1993 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 1994 தொடக்கத்தில் நிறுவனமே மூடுவதாக அறிவித்தது. ஆலையை இடித்து, கழிவைக் கிளேடாங் மலையில் புதைத்த செலவு சுமார் 10 கோடி அமெரிக்க டாலர் என்று பின்னர் மதிப்பிடப்பட்டது.

பசுமை வேதியியலின் எல்லையை இங்கே காணலாம். மூலக்கூறை மாற்றி வடிவமைக்கலாம், தனிமத்தை முடியாது. மோனசைட்டில் தோரியம் பிறப்பிலேயே இருக்கிறது. எவ்வளவு நேர்த்தியான பிரிப்பு முறையானாலும் அது எங்காவது மிஞ்சும். தோரியம் குறைந்த அயனிக் களிமண்ணுக்கு மாறலாம் என்பது இன்றைய விடை. 2022இல் உலு பேராக்கில் அம்மோனியம் சல்பேட் கரைசலை மண்ணுக்குள் செலுத்தி அருமண் கரைக்கும் சோதனைத் திட்டம் தொடங்கியது. கதிரியக்கம் குறைவு; ஆனால் அம்மோனியம் நிலத்தடி நீரில் இறங்கும் அபாயம் புதிது. இதிலும் ஒரு முரண் உண்டு: இத்தனிமங்கள் போவது காற்றாலைகளுக்கும் மின்வண்டிகளுக்கும். உலகின் ஒரு மூலையில் மூலத்தில் தடுப்பது எனப்படுவது, பேராக்கின் மலையடிவாரத்தில் புதிய மூலமாகிறது.

எங்கே நிற்கிறோம்

இவற்றை வைத்துச் சில முடிவுகளுக்கு எச்சரிக்கையோடு வரலாம். சிதையும் கரிமக் கழிவுக்குக் குழாய் முனைக் காவல் போதிய அளவு உதவும், தேதியும் கட்டணமும் இருந்தால். மிக நுண்ணிய அளவில் கொல்லும் பொருளுக்கும், குழாயே இல்லாத வேலைக்கும் மூலத்தில் தடுப்பதைத் தவிர வழியில்லை. தனிமங்களுக்கு இரண்டுமே குறைவு. அங்கே கேள்வி வேண்டுமா வேண்டாமா என்பதுதான். மேலே கண்ட சான்றுகளில் பசுமை வேதியியல் தானாக வென்ற இடமும் அரிது. தடை உறுதியான பிறகே மாற்றுகள் சந்தையைப் பிடித்தன.

திறந்தே இருப்பவை இரண்டு. மாற்றுப் பொருளை உரிமத்துக்கு முன் யார், எவ்வளவு காலம் சோதிப்பது? தோம்பு சுமப்பவர்களில் இன்று பலர் வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். ஓர் ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பும் தொழிலாளியின் உடலில் பத்தாண்டுக்குப் பின் தெரியும் நோயை எந்தக் கணக்கில் எழுதுவது? பாராகுவாட் காலத்துத் தமிழ்ப் பெண்களுக்காவது கேட்டு எழுத ஆட்கள் இருந்தார்கள்.

மலேசியச் சட்டப்படி, பெரிய திட்டங்களின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கைகள் பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்படுகின்றன. மஞ்சோங் வட்டாரத்தில் அடுத்த முறை அப்படியோர் அறிக்கை வரும்போது, வெளியே என்ன வரும் என்று சொல்லும் அத்தியாயத்துக்கு முன்னதாக, உள்ளே என்ன போகிறது என்று சொல்லும் பக்கங்களைப் படியுங்கள். அந்தப் பொருளுக்கு வேறு வழி தேடினீர்களா என்று எழுத்தில் கேளுங்கள்.